பைத்தான் சர்வரை மறுபடி ஓட்டும்போது போர்ட் கிடைக்கவில்லையா?

லினக்ஸில் பைத்தான் சாக்கெட் சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை எண் 98 வருகிறதா? போர்ட் எண்ணை மாற்ற வேண்டாம். இணைப்பை முதலில் மூடிய பக்கம் அதை டைம்-வெயிட் நிலையில் 60 வினாடி வைத்திருக்கும், வழியில் தாமதமான பழைய பாக்கெட் ஏதாவது வந்து புது இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அதுவரை பைண்ட், அதாவது சாக்கெட்டை அந்த போர்ட்டோடு இணைப்பது, நடக்காது.

சாக்கெட்டை உருவாக்கியதும் செட்சாக்ஆப்ட் (setsockopt) மெத்தடை அழைத்து, சால்_சாக்கெட் (SOL_SOCKET) மட்டத்தில் எஸ்ஓ_ரீயூஸ்அட்ர் (SO_REUSEADDR) ஆப்ஷனுக்கு 1 கொடுங்கள். பைண்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், பின்னால் போட்டால் பயன் இல்லை. பைத்தான் 3.8 முதல் இருக்கிற கிரியேட்_சர்வர் (create_server) ஃபங்ஷன் லினக்ஸிலும் மேக்கிலும் இதைத் தானாகவே செய்துவிடும், புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். வேறொரு நிரல் உண்மையிலேயே அந்த போர்ட்டில் காத்திருந்தால் மட்டும் லினக்ஸில் இது உதவாது, அந்த நிரலைத்தான் தேடி நிறுத்த வேண்டும்.

அப்புறம் விண்டோஸ். அங்கே இதே ஆப்ஷனைப் போடாதீர்கள், இன்னொரு நிரலும் அதைப் போட்டுக்கொண்டு உங்கள் போர்ட்டிலேயே வந்து உட்கார முடியும். அங்கே எஸ்ஓ_எக்ஸ்க்ளூசிவ்அட்ர்யூஸ் (SO_EXCLUSIVEADDRUSE) ஆப்ஷன்தான் சரி.