ஸ்னோஃப்ளேக்கில் டேட்டா மெதுவாக ஏறுகிறதா? வேர்ஹவுஸைப் பெரிதாக்கும் முன் இதைப் பாருங்கள்

ஸ்னோஃப்ளேக் ஒரு கிளவுட் டேட்டாபேஸ்; அதில் வேலையைச் செய்யும் கணினித் திறன்தான் வேர்ஹவுஸ். டேட்டா ஏற்றும் வேலை (லோடு) இழுத்துக்கொண்டே போனால் பலரும் உடனே வேர்ஹவுஸை எக்ஸ்-ஸ்மாலிலிருந்து லார்ஜுக்கு மாற்றிவிடுகிறார்கள். எக்ஸ்-ஸ்மால் ஓடினால் மணிக்கு 1 கிரெடிட் (கட்டணம் கணக்கிடும் அலகு), லார்ஜ் ஓடினால் 8. அத்தனை செலவு செய்தும் வேகம் கூடவில்லை என்றால் வயிறு எரியும். கோளாறு பெரும்பாலும் ஃபைலில்தான் இருக்கும்.

படி 1: நேரம் எங்கே போகிறது?

ஓடிய கட்டளைகளைக் காட்டும் குவெரி ஹிஸ்டரியைத் திறந்து, டேட்டாவை டேபிளில் ஏற்றும் உங்கள் ‘காப்பி இன்டு’ கட்டளையைத் தேடுங்கள். ஓடிய நேரத்தைவிட வரிசையில் காத்திருந்த நேரம் அதிகமா? அப்படியானால் பெரும்பாலும் அதே வேர்ஹவுஸில் வேறு யாரோ ரிப்போர்ட் ஓட்டுகிறார்கள். லோடுக்கென்று சின்னதாக ஒரு தனி வேர்ஹவுஸ் வைத்துவிடுங்கள், போதும்.

படி 2: ஃபைல்களை எண்ணுங்கள்

‘லிஸ்ட்’ கட்டளை கொடுத்தால் ஸ்டேஜில் (ஏற்றும் முன் ஃபைல்களை வைக்கும் இடம்) உள்ள ஃபைல்களும் அவற்றின் அளவும் தெரியும். எக்ஸ்-ஸ்மால் ஒரே சமயத்தில் 8 ஃபைல்களை ஏற்றும். ஒவ்வொரு அளவு கூடும்போதும் அது இரட்டிக்கும். லார்ஜ் என்றால் 64. ஆனால் ஜிஸிப் முறையில் சுருக்கிய ஒரு சிஎஸ்வி ஃபைலைப் பிரித்துப் படிக்க முடியாது. 20 ஜிபி ஒரே ஃபைலாக வந்தால், ஒருவர் மட்டும் மூட்டை தூக்க, மீதி 63 பேரும் கூலி வாங்கிக்கொண்டு சும்மா நிற்பார்கள்.

அதனால் ஃபைலை உடையுங்கள். சுருக்கிய பிறகு ஒவ்வொரு துண்டும் 100 முதல் 250 எம்பி வரை இருக்கட்டும். லினக்ஸில் ‘ஸ்ப்ளிட்’ கட்டளை போதும். பைட் கணக்கில் வெட்டாமல் வரிக் கணக்கில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு பதிவு நடுவில் அறுந்துபோகும். முகவரி போன்ற புலத்துக்குள்ளேயே வரி முறிவு இருந்தால் வரிக் கணக்கும் உதவாது. அப்போது டேட்டா எடுக்கும் இடத்திலேயே பிரித்துக் கேளுங்கள். தலைப்பு வரி முதல் துண்டில் மட்டும் இருக்கும் என்பதால், வெட்டும் முன்பே அதை நீக்கிவிட்டு, தொடக்கத்தில் எத்தனை வரிகளை விட வேண்டும் என்று சொல்லும் ‘ஸ்கிப் ஹெட்டர்’ மதிப்பை 0 ஆக்குங்கள்.

அதற்காகப் பொடிப்பொடியாகவும் நறுக்க வேண்டாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இப்போது 100 துண்டுகள் இருக்கின்றனவா? பெரிய வேர்ஹவுஸுக்கு இனிமேல்தான் வேலை.

படி 3: பாதையைக் குறுக்குங்கள்

பல வருட ஃபைல்கள் குவிந்த ஃபோல்டரை முழுவதும் காட்டி, ‘பேட்டர்ன்’ கொடுத்து வடிகட்டினால், பட்டியல் எடுப்பதற்கே நேரம் போய்விடும். வருடம், மாதம், நாள் எனப் பிரித்து வைத்து, அன்றைய பாதையை மட்டும் கொடுங்கள்.

படி 4: ‘ஆன் எரர்’ என்ன சொல்கிறது?

பிழை வந்தால் என்ன செய்வது என்று ‘காப்பி இன்டு’வுக்குச் சொல்லும் அமைப்பு இது. ‘ஸ்கிப் ஃபைல்’ (பிழையுள்ள ஃபைலை விட்டுவிடு) என்று இருந்தால், பிழை வந்தாலும் வராவிட்டாலும் முழு ஃபைலையும் தற்காலிகமாகப் பிடித்து வைத்த பிறகே டேபிளில் ஏற்றும். தேவையில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

படி 5: சோதனை டேபிளில் ஓட்டுங்கள்

ஏற்றிய ஃபைலை அதன் பெயர் போன்ற விவரங்களை வைத்துத்தான் ஸ்னோஃப்ளேக் அடையாளம் காண்கிறது. ஏற்கெனவே ஏறிய பெரிய ஃபைலின் துண்டுகள் அதற்குப் புது ஃபைல்கள். தடுக்காமல் ஏற்றிவிடும், டேபிளில் எல்லாம் இரண்டு முறை இருக்கும். அசல் டேபிளைத் தொடும் முன் ‘கிரியேட் டேபிள் லைக்’ மூலம் காலியான நகல் ஒன்று எடுத்து, அதில் ஏற்றி, வரி எண்ணிக்கையையும் நேரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.