சர்ச்சைக்குள்ளான மேடை நாடகத்தைத் திரைப்படமாக்குவது எப்படி?

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ இயங்கும் ஒரு நாடகக் குழு, மேடையில் எதிர்ப்பைச் சந்தித்த தன் நாடகத்தைத் திரைப்படமாக்க முடிவு செய்தால், திரைக்கதை எழுத உட்காருவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: அந்த நாடகத்தில் சர்ச்சை எங்கே இருக்கிறது? சில நாடகங்களில் அது வசனத்தில் இருக்கும். சிலவற்றில் கதையின் முடிவில் இருக்கும். இன்னும் சிலவற்றில், நடிகர் பார்வையாளரை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் துணிச்சலில் மட்டுமே இருக்கும். இந்த இடத்தைச் சரியாகக் கண்டுகொண்டால் மற்ற எதையும் வெட்டலாம், மாற்றலாம்.

மூன்றாவது வகைதான் திரைக்கு மிகவும் கடினமானது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா நடித்த 'ரத்தக்கண்ணீர்' நாடகம் 1954-இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. அன்றன்றைய அரசியலை வசனத்தில் சேர்த்துக்கொண்டு, அரங்கின் கூச்சலுக்கு அங்கேயே பதில் சொல்வது மேடையில் ராதாவின் வழக்கம். படச்சுருளில் அதற்கு வழியில்லை. ஆனால் 'குற்றம் புரிந்தவன்' பாடலைக் கவனியுங்கள். பாடல் சோகமாக நகர, இடையிடையே ராதாவின் பேச்சு குறுக்கிடுகிறது. அரங்கில் கூட்டத்தோடு நடந்த உரையாடல் இங்கே பாட்டோடு நடக்கிறது. மேடையின் உயிர்ப்பை அப்படியே படம்பிடிக்க முயலாமல், அதே வேலையைச் செய்யக்கூடிய வேறொன்றைத் திரைக்குள் தேடுவதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் நாடகத்தில், கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி இறந்துபோன தொழிலாளியின் மனைவி மேடை விளிம்புக்கு வந்து கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அவளைக் கேமராவைப் பார்த்துப் பேசவைப்பது எளிது. அது பெரும்பாலும் மேடைப்பேச்சின் பதிவாகவே நின்றுவிடும். அதற்குப் பதிலாக அந்தக் கேள்வியை இழப்பீட்டுத் தாளில் கையெழுத்து வாங்க வந்திருக்கும் மேற்பார்வையாளரிடம் அவள் கேட்கட்டும். கேமரா அவள் முகத்தை விட்டு, பதில் இல்லாத அவர் முகத்தில் தங்கட்டும். பார்வையாளர் இப்போது அவருடைய இடத்தில் உட்கார்ந்திருப்பார். வசனத்தையும் பாதியாகக் குறைக்கலாம், ஏனெனில் மேடையில் கடைசி வரிசைக்காகச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதியைத் திரையில் கண்களே சொல்லிவிடும்.

கதையை வெளியிடங்களுக்கு விரிப்பதில் அவசரம் வேண்டாம். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தைக் கே. பாலசந்தர் 1981-இல் படமாக்கியபோது, தண்ணீருக்காகக் கடக்க வேண்டிய தொலைவைத் திரையில் காட்டுவதற்குக் காரணம் இருந்தது. அந்தத் தொலைவே கதையின் சிக்கல். மாறாக, 1947-இல் மேடையேறிய டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' நாடகத்தை 1951-இல் படமாக்கிய எலியா கசான், கதை நகர நகர வீட்டின் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் அரங்கை அமைத்தார். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் நடக்கும் நாடகத்துக்கு இந்த இரண்டாம் வழியே பொருந்தும். கொருக்குப்பேட்டை ரயில் சத்தமும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் அந்த அறைக்குள் வந்தாலே போதும், ஊர் வந்துவிடும். கத்தியும் குத்துச்சண்டையும் இல்லாமல் வடசென்னையைக் காட்ட முடியாது என்று தமிழ் சினிமா தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டாயத்துக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

உரிமை பற்றிச் சுருக்கமாக: எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிப்பதால், அவரிடமோ வாரிசுகளிடமோ திரைப்பட உரிமையை எழுத்தில் பெறுங்கள், காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கானதாகவே கொள்ளப்படும். ஒத்திகையில் எல்லோரும் சேர்ந்து உருவாக்கிய நாடகமென்றால் பங்களித்த ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவது நல்லது. நட்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

அடுத்தது தணிக்கை. இதற்கு அஞ்சி எழுதும்போதே மழுப்புவதுதான் பலரும் செய்வது. கசானின் படத்தில் நாயகியின் இறந்துபோன கணவர் தன்பாலின ஈர்ப்பு உடையவர் என்பதை வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் போனதால், அவளுடைய குற்றவுணர்வின் காரணமே மங்கிப்போனது. எனவே வெட்டக் கூடாத காட்சி எது என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதை ஒரே ஒரு வசனத்தை நம்பி நிற்கவிடாமல், முன்பின் காட்சிகளோடு பிணைத்து எழுதுங்கள்; ஒரு சொல் ஒலி நீக்கப்பட்டாலும் பொருள் பிழைத்திருக்கும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பின் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என மூன்று நிலைகளாக வழங்கப்படுகிறது; கடுமையான கருப்பொருளுக்கு 16 வயது நிலையை எதிர்பார்த்தே எழுதலாம், 'ஏ' கிடைத்தாலும் அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. ஆய்வுக் குழுவின் முடிவு ஏற்புடையதாக இல்லையெனில் மறுஆய்வுக் குழுவை அணுகலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், அதற்கு அப்பால் உயர் நீதிமன்றம்தான். அங்கே ஆகும் காலத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், சான்றிதழ் கைக்கு வருமுன் வெளியீட்டுத் தேதியை அறிவிக்காதீர்கள்.