சில்வர் ஓக் நிழலில் வெட்டிவேர்

ஏற்காட்டுத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் அழகுக்காக வைத்த வெட்டிவேர் தூர் கட்டவே இல்லை, பக்கத்தண்டு விட்டுப் பெருகவில்லை. இலை வெளிறி, நீண்டு, சாய்ந்துவிட்டது. பார்த்தவர்கள் ஈரத்தைத்தான் குறை சொன்னார்கள். வெட்டிவேர் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். தாங்காதது நிழல்தான், அதிலும் இளம் பருவத்தில்.

அதனால் மண்ணைத் தொடவில்லை. காபிக்கு நிழல் கவாத்து செய்வதுபோல, பருவமழைக்கு முன் கீழ்க்கிளைகளைக் கழித்து, காலை வெயில் தரையில் விழும்படி செய்தேன். பழைய தூரைத் தோண்டியெடுத்து, இரண்டு மூன்று சிம்பு (பக்கத்தண்டு) சேர்ந்த நாற்றுகளாகப் பிரித்து, இலையை 20 செ.மீ., வேரை 10 செ.மீ. விட்டு நறுக்கி, அடித்தண்டு மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நட்டேன். கரையோர வேலிக்கு 15 செ.மீ. இடைவெளி போதும், தனித்தனிக் குத்தாகத் தெரிய 60 செ.மீ. வேண்டும். சருகு குத்தின் நடுவில் மண்டினால் புதுச் சிம்பு கிளம்பாது, கையால் வாரி எடுக்க வேண்டும். யூரியா வேண்டவே வேண்டாம்: நிழலில் அது இலையை நீட்டிச் சாய்க்கும், அவ்வளவுதான்.

ஆண்டுக்கொரு முறை 30 செ.மீ. உயரத்தில் அறுத்தால் நடுவில் வெளிச்சம் இறங்கும். வெயிலே எட்டாத மூலையில் பெரணி வையுங்கள்.