அறை வாடகை வரம்பைப் பார்த்துவிட்டு அறையைக் கேளுங்கள்

மருத்துவமனையில் சேரும்போது, அறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் ‘அறை வாடகை வரம்பு’ எவ்வளவு என்று பார்த்து, அதற்குள் அடங்கும் அறையையே கேட்டு வாங்குங்கள். வரம்பைத் தாண்டினால் வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் உயர்வதால், காப்பீட்டு நிறுவனம் அவற்றையும், அறை வாடகையில் வரம்பு எவ்வளவு பங்கோ அதே விகிதத்தில் குறைத்துத்தான் தரும். 5 லட்ச ரூபாய் பாலிசியில் வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய் என்றிருக்க, 8,000 ரூபாய் அறையில் 3 நாள் தங்கினால், வாடகையில் 9,000 ரூபாய் போவதோடு, 80,000 ரூபாய் அறுவை சிகிச்சைக் கட்டணத்தில் 50,000 மட்டுமே கிடைக்கும். மீதி 30,000 நம் கையிலிருந்துதான். டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்க்கும்போதுதான் இது பலருக்குத் தெரியவருகிறது.

மருந்து, ஸ்டென்ட் போன்ற உள்வைப்புகள், பரிசோதனைகள், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இந்தக் குறைப்பைச் செய்யக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனைகளுக்கும், வாடகை வரம்பே இல்லாத பாலிசிகளுக்கும் இந்தக் குறைப்பே பொருந்தாது.