சமையலறையில் அடங்கிய நாய் பிராய் அடுப்பருகே மறுபடி கெஞ்சுவது ஏன்?

சாப்பாட்டு மேசையில் யாரும் ஒரு துண்டுகூடப் போடாவிட்டால், தொடையைச் சுரண்டிக் கெஞ்சும் நாய் நாளடைவில் அடங்கிவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டின் பின்புறம் இறைச்சி சுட பிராய் அடுப்பு மூட்டியதும், அதே நாய் தாத்தாவின் நாற்காலியருகே எச்சில் ஒழுக நிற்கும். அதைத் திமிர் என்று திட்டுவது அநியாயம்.

1979-இல் மார்க் பூட்டன், ராபர்ட் போல்ஸ் என்ற உளவியலாளர்கள் எலிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஓரிடத்தில் ஒரு சமிக்ஞையோடு மின்னதிர்ச்சி தந்து பயத்தைப் பழக்கினார்கள். வேறிடத்தில் அதிர்ச்சியின்றி அதே சமிக்ஞையைத் திரும்பத் திரும்பத் தந்தபோது பயம் தணிந்தது. பழைய இடத்துக்குக் கொண்டுபோனதும் பயம் திரும்பி வந்துவிட்டது! முதல் பாடம் அழியவில்லை. ‘இங்கே அது நடக்காது’ என்ற புதுப் பாடம் அதன்மேல் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் பாடம் எங்கும் கூடவே வரும். இரண்டாவதுதான் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 1: நாய்க்குத் தீனி கிடைத்த இடங்களையெல்லாம் எழுதுங்கள். சமையலறை, வராந்தா, ஆயா வீடு. கொடுத்தவர் யார், எந்த நேரம் என்பதையும் சேருங்கள். சூழல் என்பது நான்கு சுவர் மட்டுமல்ல.

படி 2: சமையலறையில் தொடங்குங்கள்: நாய் கெஞ்சினால் யாரும் எதுவும் போடக்கூடாது. முதலில் சுரண்டலும் முனகலும் கூடலாம். மனம் இளகி ஆயா ஒரு துண்டு ரொட்டியை நழுவவிட்டால், இன்னும் நெடுநேரம் சுரண்டினால் கிடைக்கும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். முழுக் கதையும் பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது.

படி 3: அடங்கியதும் இடத்தை மாற்றுங்கள். முதலில் நெருப்பில்லாத முற்றம், அடுத்து நெருப்பு, கடைசியில் விருந்தினர். பல இடங்களில் தணித்தால் பழைய பழக்கம் திரும்புவது குறைவதாக எலி ஆய்வுகள் சிலவற்றில் தெரிந்திருக்கிறது.

படி 4: சமையலறையில் நாய் படுக்கும் பாயையே முற்றத்துக்கும் எடுத்துப் போங்கள். புதுப் பாடத்தை நினைவூட்ட அது உதவும். பாயில் அமைதியாகப் படுத்திருந்தால், சாப்பாடு முடிந்தபின் அதன் கிண்ணத்தில் தீனி வையுங்கள்.

படி 5: சில வாரம் இடைவெளி விட்டாலே பழக்கம் தலைகாட்டலாம். இடைவெளிக்குப் பின் தணிந்த பழக்கம் திரும்புவதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவே தம் நாய்களிடம் கண்டிருக்கிறார். பதறாமல் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். விருந்தினரிடம் அடுப்பு மூட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: இறைச்சி வேண்டாம், எலும்பு வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும்.