ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் கடிகாரம்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது: உபுண்டுவை மூடிவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. உடனே மதர்போர்டு பேட்டரியை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். பேட்டரி போயிருந்தால் தேதியே ஏதோ பழைய வருடத்துக்கு ஓடியிருக்கும். இப்படிக் கச்சிதமாக 5:30 தள்ளாது.

மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை லினக்ஸ் யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது, விண்டோஸோ இந்திய நேரம் என்று. சண்டை அவ்வளவுதான்.

உபுண்டுவில் கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்று அடியுங்கள். டைம் ஸோன் வரியில் ஏசியா/கொல்கத்தா இருக்கிறதா? சரி, இப்போது கடைசி வரி: 'ஆர்டிசி இன் லோக்கல் டிஸெட்: நோ' என்றிருக்கும். ஆர்டிசி என்பது அந்த மதர்போர்டு கடிகாரம்தான்; அது உள்ளூர் நேரத்தில் இல்லை என்று அர்த்தம். அதே கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, செட், லோக்கல், ஆர்டிசி மூன்றையும் சிறுகோட்டால் சேர்த்து எழுதி, இன்னொரு இடைவெளி விட்டு 1 போடுங்கள். மறுபடி டைம்டேட்சிடிஎல் மட்டும் அடித்துப் பார்த்தால் 'நோ' போய் 'எஸ்' வந்திருக்கும். அப்புறம் விண்டோஸில் ஒருமுறை மணியைச் சரிசெய்தால் போதும்.

கூடவே ஒரு நீளமான எச்சரிக்கையும் தெரியும். கோடையில் கடிகாரத்தை மாற்றிவைக்கும் நாடுகளுக்கு அது நியாயமான பயம். இந்தியாவில் அந்தத் தொல்லை இல்லை. பின்னாளில் விண்டோஸைத் தூக்கிவிட்டால் மட்டும் 1ஐ 0 ஆக்கிவிடுங்கள்.