வாடிய கத்தரிக் கொழுந்துகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில், கிணற்றடிக்கு அருகேயுள்ள செம்மண் நிலத்தில், பிள்ளைகள் இருவரும் தாமே தண்ணீர் விட்டு வளர்த்த 12 கத்தரிச் செடிகளின் நுனிக் கொழுந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொய்ந்து வாடத் தொடங்கின. வெயிலால் வந்த வாட்டமென எண்ணி அவர்கள் காலையும் மாலையும் கூடுதலாக நீர் வார்த்தும் பயன் கிட்டவில்லை. மூத்தவள் வாடிய கொழுந்தொன்றைக் கிள்ளிப் பிளந்து காட்டியபோதுதான் தண்டினுள் இளஞ்சிவப்பு நிறப் புழு இருப்பதைக் கண்டேன். தண்டையும் காயையும் துளைக்கும் இப்புழு உள்ளேயே ஒளிந்து தின்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை, அத்துடன் பிள்ளைகள் கைவைக்கும் செடியில் நஞ்சு தெளிக்க எனக்கு மனம் ஒப்பவுமில்லை.

அன்றுமுதல் மூன்று நாளைக்கு ஒருமுறை, வாடிய நுனிகளைப் புழு இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, துளையுள்ள காய்களையும் பறித்து, எல்லாவற்றையும் எரித்தோம். அவற்றைக் குப்பைக் கிடங்கில் போட்டால், புழு கூட்டுப்புழுவாகிப் பின் அந்துப்பூச்சியாக மீண்டும் செடிக்கே வரும். செடியடிச் சருகுகளிலும் அது கூடு கட்டுமென்பதால் அவற்றையும் கூட்டி அகற்றினோம். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து பக்கக் கிளைகள் வெடித்தன. ஆறாம் வாரத்தில் சின்னவன் பறித்து வந்த காய்களில் ஒன்றிரண்டில் மட்டுமே துளை இருந்தது. அடுத்த போகத்தில் அவ்விடத்தில் பயற்றை நட இருக்கிறோம்.